நூல் அளவும் இடுப்புப் பட்டியும்

நாடாப் பாவாடை எத்தனை தைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தாராவியில் எங்கள் சந்துப் பெண்கள் பாதிப்பேர் கட்டியது என் தையல்தான். நாடா வைத்துவிட்டால் இழுத்துக் கட்ட எந்த இடுப்புக்கும் சரியாகும். போன வருஷம் மகளுக்குக் காட்கோபரில் ஆபீஸ் வேலை கிடைத்தது. கறுப்பு ஸ்கர்ட் போட்டு வரவேண்டுமாம், இடுப்பை ஒட்டிய பட்டியும் கொக்கியும் வைத்து. டெய்லரிடம் கொடுக்கலாம் என்றாள். நான் இருக்கும்போது டெய்லர் எதற்கு என்று துணியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

டேப்பில் இருக்கிற எண்ணெல்லாம் எனக்குச் சரிப்படாது. இடுப்பில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவதுதான் என் அளவு. கொக்கிக்கு இரண்டு விரல் கூட்டி வெட்டி, பட்டியைத் தைத்து, நானே மாட்டிவிட்டேன். அழகாகச் சேர்ந்தது. கையை எடுத்ததும் கொக்கி தெறித்தது.

கொக்கிதான் மட்டம் என்று வேறு வைத்து இரட்டை நூலில் தைத்தேன். மாட்டினால் மாட்டியது, பிறகு அதுவும் தெறித்தது. நூலைப் பட்டியில் வைத்தேன், சரி. இடுப்பில் சுற்றினேன், அதுவும் சரி. இஸ்திரிச் சூட்டில் துணி சுருங்கியதோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். மறுநாள் காலை அவள் வேலைக்குச் சேரவேண்டும். ஊக்கு குத்திக்கொண்டு போகிறேன் என்றாள். முதல் நாளே என் தையலில் ஊக்கா?

மறுபடி நூலைச் சுற்றினேன். நிமிர்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏட்டி, வயித்த ஏன் எக்குத?”

“நானா எக்குதேன்? நீ இடுப்புல கை வச்சா அது தானா உள்ள போவுதும்மா. சின்னப்பிள்ளையில நாடா கட்டும்போதெல்லாம் எக்கு எக்குன்னு சொன்னது யாரு?”

நான்தான். தினம் காலையில் சொன்னேன்.

டீயும் பாவ் ரொட்டியும் கொடுத்து உட்காரவைத்து, அவள் தின்கிற நேரத்தில் அளந்தேன். நான்கு விரல் கூடுதல். பட்டியைப் பிரித்து, சட்டை மறைக்கிற பின்பக்கத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன்.

காலையில் ஊக்கு இல்லாமல் போனாள். சாயங்காலம் வந்து கொக்கி அசையவில்லை என்றாள். சந்தோஷம்தான். ஆனால் காலையில் அவள் போன பிறகு அதே நூலை என் இடுப்பில் சுற்றிப் பார்த்திருந்தேன். வயிறு தானாக உள்ளே போனது. வீட்டில் வேறு யாருமில்லை. அவிழ்த்துவிட்டுத் திரும்பச் சுற்றினேன், திரும்பவும் போனது. என் சரியான அளவு எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.