தலைக்கு மேல் எட்டாத கை

போன திங்கட்கிழமை, நான் ஒன்றாம் வகுப்பில் சேரத் தகுதியில்லாதவன் என்று நிரூபணமானது.

சிரிக்காதீர்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும் — பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது நாம் வயது பார்க்கிற முறை இதுதானே? தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் ‘அடுத்த வருசம் வாங்க’. அறுபத்திரண்டு வயதான என் கை, உச்சந்தலையோடு நின்றுவிட்டது.

நான் ஏன் தொடப் போனேன்? அதற்கு மைமூனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காதர் பாயின் மகள். எட்டு வயது. வலது கையும் வலது காலும் விறைப்பு. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நடந்தால் குதிகால் தரையில் படாது. பேச்சு வரும் — எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் பாசஞ்சர் ரயில் வருகிற மாதிரி. நிச்சயம் வரும். நாம்தான் காத்திருக்க வேண்டும்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கடைக்குப் போகும்போதெல்லாம் குனிந்து, உரத்த குரலில், “பாப்பா… சாப்… பிட்… டாச்சா?” என்று கேட்பேன். ஒருநாள் அவள் சொன்னாள்:

“தாத்தா… எனக்கு… காது… கேக்கும்.”

அவளுக்கு வந்திருப்பது இளம்பிள்ளை வாதம் என்று முதலில் கண்டுபிடித்தவனும் நான்தான். தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்தவனுக்குத் தெரியாத வியாதி உண்டா? என் யோசனை, மந்திரித்த கயிறு, நாட்டு வைத்தியர் எண்ணெய் — மூன்றும் சேர்ந்து மூன்று வருஷத்தை விழுங்கின. கடைசியில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி. துணைக்கு நான். எந்த ஜன்னலில் சீட்டு, எந்த வராந்தாவில் வரிசை… இதெல்லாம் என் இலாகா.

“போலியோன்னா கை கால் துவண்டு தொங்கும். இது விறைக்குது. போலியோன்னு யார் சொன்னது?” என்றார் டாக்டர்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

“பிறந்ததும் அழுதாளா?” — இது அவள் உம்மாவிடம்.

“எங்க சார் அழுதா? நீலம் பாரிச்சுக் கெடந்தா. மருத்துவச்சி தட்டித் தட்டி, பொறவுல்லா ஒரு முனங்கல் வந்துச்சு!”

டாக்டர் விளக்கினார். செரிப்ரல் பால்சி என்று பெயராம். பிறக்கிற நேரத்தில் மூச்சு முட்டி, மூளையில் கை காலை ஆட்டிவைக்கிற இடம் அடிபட்டிருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் புத்தியும் பாதிக்கும், இவளுக்கு இல்லை. எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால் — ஆபீசர் தெளிவாகத்தான் உத்தரவு போடுகிறார். தபால் குமாஸ்தாதான் கன்னாபின்னாவென்று அனுப்புகிறார். உத்தரவு வந்து சேரவில்லை என்பதற்காக ஆபீசருக்கு மூளையில்லை என்று சொல்லலாமா? (சில ஆபீசர்கள் விஷயத்தில் சொல்லலாம். அது வேறு கதை.)

“முழுக்கக் குணமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒண்ணுமே ஆகாதுன்னு சொன்னா, அதையும் நம்பாதீங்க. தினமும் கையையும் காலையும் மெதுவா நீட்டி விடணும். வெடுக்குனு இழுக்கக் கூடாது. ரெண்டு கையாலயும் ஒரு கம்பைப் பிடிச்சு மேலே தூக்கச் சொல்லுங்க.”

கம்புக்கு எங்கே போவது? மீட்டர் அளவு வந்த பிறகு, பாய் கடையில் பழைய மரக் கஜக்கோல் ஒன்று என்னைப் போலவே ஓய்வுபெற்று மூலையில் நின்றது. அதற்கு மறுபடியும் வேலை கிடைத்தது. உம்மா எண்ண, இடது கை வலது கையை இழுத்துக்கொண்டு மேலே போகும். காலையும் மாலையும். ஒன்றரை வருஷத்தில் அந்தக் கை நெஞ்சிலிருந்து நெற்றிவரை வந்துவிட்டது.

தலைமையாசிரியருக்கோ காதுதான் வேண்டும்.

திங்கட்கிழமைதான் சேர்க்கைக்குக் கடைசி நாள். பாயும் மைமூனும் நானும் அவர் மேஜை முன்னால் போய் நின்றோம். இந்த வருஷமும் போனால் ஒன்பது வயது. ஒன்றாம் வகுப்புக்கு வயது கூடிப்போச்சு என்பார்கள். கை எட்டாததால் மூன்று வருஷம் சின்னப்பிள்ளை, நாலாம் வருஷம் வயது கடந்தவள். நம் நடைமுறைகளின் அழகே அழகு!

“எட்டலையே பாய். அடுத்த வருசம் பாக்கலாம்” என்றார் தலைமையாசிரியர்.

“போன வருசமும் இதத்தான சார் சொன்னீய? அதுக்கு முந்துன வருசமும் இதத்தான சொன்னீய?”

பிறப்புப் பதிவின் நகலை மேஜையில் வைத்தேன். “எட்டு வயசு. முத்திரையோட இருக்கு. பெறகு காது எதுக்கு?”

“அண்ணாச்சி, காதைத் தொடணும்ங்கது ரூல்ஸ்.”

“நம்பரச் சொல்லுங்க. எடுத்துப் பாத்துருதேன்.”

“நம்பரா? எங்கய்யா காலத்துல இருந்து நடக்குது!” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அதுவும் போக… பிள்ளைக்குப் பாடம் வெளங்குமா? மத்த பிள்ளையளுக்கு எடஞ்சலால்லா இருக்கும்?”

இதை மைமூனை எதிரே வைத்துக்கொண்டே சொன்னார். பாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

அவள் நகரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. ரயில் கிளம்பிவிட்டது.

“சார்… நீங்க… தொடுங்க… பாப்போம்.”

அவருக்குச் சிரிப்பு. கையைத் தூக்கினார். பருத்த கை, தலையைத் தாண்டுவதற்குள் சட்டை அக்குளில் ‘டர்’ரென்றது. காதுக்கு இன்னும் நாலு விரற்கடை பாக்கி.

“நீங்க தொடுங்க அண்ணாச்சி, பாப்போம்!” என்று என் பக்கம் திரும்பினார். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கையைத் தலைமேல் வைத்தபடி நின்ற எங்கள் இருவரையும் மைமூன் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும்… அடுத்த வருசம்… வாங்க.”

தலைமையாசிரியர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். சேர்க்கை ரிஜிஸ்தரை இழுத்துப் பிரித்தார்.

“பேரு என்னம்மா?”

பாய் வாயைத் திறந்தார். “அவ சொல்லட்டும் பாய்” என்றார் தலைமையாசிரியர்.

அவள் சொல்லத் தொடங்கினாள். பேனா முனை காய்ந்தது. அவர் மறுபடி மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் சீட்டில் எழுதாத மருந்து ஒன்று உண்டென்றால், அது அந்த அரை நிமிஷம்தான்.

என் தோளுக்கும் இப்போது கஜக்கோல் சிகிச்சைதான். என் எட்டு வயது வைத்தியர் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு மேல்தான் வருகிறார் — ரொம்பக் கண்டிப்பு.