பையர் பார்க்கும்போது மட்டும் நின்றுபோன படம்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. உடுமலைப்பேட்டை போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது நான் வேலை பார்க்கும் தையல் யூனிட். தலைமை ஆபீஸ் திருப்பூரில். எனக்கு இங்கே காம்ப்ளையன்ஸ் வேலை. எமர்ஜென்சி கதவு பூட்டாமல் இருக்கிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, வேலைக்குரிய வயது வராத பிள்ளைகள் யாரையும் வேலைக்கு வைத்திருக்கிறோமா என்று எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற ஆள் நான்தான். இந்த வேலையில் மெஷின் தெரிய வேண்டியதில்லை, துணி தெரிய வேண்டியதில்லை. நான் சொன்னால் நம்புவார்கள் என்ற பெயர் மட்டும் வேண்டும். அந்தப் பெயர்தான் அந்த மாதம் போகப் பார்த்தது.

முன்பெல்லாம் பையர் ஆபீஸிலிருந்து ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். இப்போது பாதி சோதனை வீடியோ காலில் நடக்கிறது. நான் போனைப் பிடித்துக்கொண்டு கட்டிங், தையல், அயர்னிங் என்று நடந்துகொண்டே காட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஓர் அம்மையார், "இடது பக்கம் திருப்புங்கள், அந்தப் பெட்டியை நகர்த்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அயர்னிங் செக்‌ஷனுக்குப் பின்னால்தான் எங்கள் எமர்ஜென்சி கதவு. முதல் தடவை சரியாக அந்தக் கதவை நெருங்கும்போது படம் நின்றுபோனது. வந்தது, மறுபடி நின்றது. சரி, நெட் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து இன்னொரு நாள் வைத்துக்கொண்டோம். அன்றும் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த தடவையும் அப்படியே ஆனபோது அந்த அம்மையார் மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் உங்கள் நெட்வொர்க்குக்கு ஏதோ ஆகிவிடுகிறது என்றார். கடைசியாக ஒரு வாய்ப்பு தருவதாகவும், அன்றும் கதவைப் பார்க்க முடியாவிட்டால் நாங்கள் காட்ட மறுத்ததாகவே அறிக்கையில் எழுதுவார்கள் என்றும் சொன்னார்.

அப்படி எழுதிவிட்டால் ஆர்டர் போய்விடும். அந்த ஒரு பையரை நம்பித்தான் எங்கள் யூனிட் ஓடுகிறது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள், தெற்கே இருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள் என்று எல்லோருக்கும் வேலை அதில்தான்.

திருப்பூர் ஆபீஸில் நெட்டைக் கவனிக்கிறவர்கள் அங்கிருந்தே பார்த்துவிட்டு, லைனில் ஒரு குறையும் இல்லை, திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தப்பா நினைக்காதீங்க. அந்தக் கதவுகிட்ட எதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா எங்கிட்டச் சொல்லீருங்க, பாத்துக்கலாம்."

இல்லீங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே, கதவை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறாயா என்று கேட்டார். நான் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் போனதும் அயர்னிங் செக்‌ஷனில் நின்றுகொண்டு கோயமுத்தூரில் இருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போடுவேன். மத்தியானம் போடுவேன், டீ நேரத்தில் போடுவேன். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. "ஏங்க்கா, கதவையே காட்டிட்டிருக்கறே" என்று அவள் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டாள்.  பையர் பார்க்கும்போது மட்டும் நிற்கிறது, மற்றவர் பார்த்தால் நிற்பதில்லை. இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கடைசி வீடியோ காலுக்கு முந்தின நாள், எங்களுக்கு நெட் பெட்டி போட்டுக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம் ஊர். பஸ்ஸில் வந்து இறங்கி, தலையெல்லாம் ஆடிக்காற்றில் கலைந்து, முதுகில் ஒரு பையோடு நின்றாள். எங்கள் யூனிட்டுக்கு இரண்டு லைன் இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்று தரைவழியாக வரும் ஃபைபர். இன்னொன்று, உயரமான கம்பத்தில் தட்டு வைத்து, தூரத்து டவரிலிருந்து வாங்கும் ரேடியோ லைன். எந்த வேலை எந்த லைனில் போக வேண்டும் என்று பெட்டிக்குள் விதி எழுதி வைத்திருக்கிறார்களாம். ரோடு தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுந்துவிடுவதால், வீடியோ காலுக்கு ரேடியோதான் முதல் வழி. அது சரியில்லை என்றால் பெட்டியே வீடியோ காலை ஃபைபருக்குத் திருப்பிவிடும். எஸ்டி-வான் என்று அதற்கு ஒரு பெயரும் சொன்னாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். அதிலும் எல்லாம் பச்சை. பக்கத்தில் நின்ற புரொடக்‌ஷன் மேனேஜர், நாங்களும் இதைத்தானுங்க சொன்னோம் என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள். படம் எப்படி நிற்கிறது, மொத்தமாக நிற்கிறதா, விட்டு விட்டு நிற்கிறதா, குரலும் சேர்ந்து போகிறதா என்று கேட்டாள். அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. விட்டு விட்டுத்தான் என்றேன்.

"இந்தப் பச்சையெல்லாம் சராசரிதான் அக்கா. நடுவுல கொஞ்சம் விழுந்து எந்திரிச்சா இதுல தெரியாது. பெட்டியும் பழசை எல்லாம் வச்சிருக்காது, அப்பப்ப அழிச்சிரும். நீங்க இல்லாததைச் சொல்லுத மாதிரி எனக்குத் தெரியல."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் மேனேஜர் முன்னாலேயே அழுதிருப்பேன்.

காற்றில் தென்னை மட்டை ஆடி ரேடியோவை மறைக்கிறதோ என்பது அவளுடைய முதல் சந்தேகம். மாடியில் ஏறிப் பார்த்தோம். துப்பட்டாவைப் பிடிப்பதா, கைப்பிடிச் சுவரைப் பிடிப்பதா என்கிற மாதிரிக் காற்று. ஆனால் தட்டுக்கும் டவருக்கும் நடுவே ஒரு மட்டையும் குறுக்கிடவில்லை. கீழே வந்து, பையர் வீடியோ காலில் செய்வதை அப்படியே செய்து பார்ப்போம் என்றாள். அவள்தான் பையர். ஆபீஸ் ரூமில் தன் போனோடு உட்கார்ந்துகொண்டாள். நான் கட்டிங்கிலிருந்து கதவு வரைக்கும் நடந்தேன். படம் நிற்கவில்லை. மறுபடி நடந்தேன். தையல் லைனில் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உற்பத்தி கெடுகிறது, போதுமே என்றார்.

கோளாறு சரியாக வேண்டும் என்று வேண்டாமல், கோளாறு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன். எந்தச் சாமியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் லேப்டாப்பை மூடப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, பாதி மூடிய லேப்டாப் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, பையருக்குச் செஞ்சு எனக்குச் செய்யாம விட்டது எதாவது இருக்கா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பையர் கால் என்றால் தரையை இரண்டு தடவை துடைப்போம், எல்லோரும் அடையாள அட்டையை வெளியே எடுத்துப் போடுவோம், வாசலில் பூந்தொட்டி வைப்போம், ஜெனரேட்டர் போடுவோம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கரண்ட் இருக்கும்போது எதற்கு ஜெனரேட்டர் என்றாள்.

இது எங்கள் பக்கத்து வழக்கம். பையர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ஹால் இருட்டாகிவிட்டால் மானம் போய்விடும் என்று, கரண்ட் இருந்தாலும் முன்கூட்டியே ஜெனரேட்டருக்கு மாறிவிடுவோம். அதுவும் ஆபீஸ் ரூமில் முதலில் வணக்கம் சொல்லிப் பேசும்போது இரைச்சல் கேட்கக் கூடாது என்பதற்காக, நான் போனோடு உள்ளே நடக்க ஆரம்பித்த பிறகுதான் போடுவார்கள். இந்தப் பெண் பையர் இல்லையே, டீசலை எதற்கு வீணாக்குவது என்று அன்று யாரும் போடவில்லை. எனக்கும் அது ஞாபகத்துக்கே வரவில்லை. விருந்தாளிக்கு இலை போடுகிற மாதிரி எங்களுக்குப் பழகிப்போன காரியம் அது.

"போடச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

போட்டார்கள். நான் நடந்தேன். கட்டிங்கில் படம் நிற்கவில்லை. வழக்கம்போல நான் நெருங்கியதும் அயர்ன் மேசைகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்து, ஜெனரேட்டர் உறுமலும் ஏறியதும் சரியாகக் கதவுக்கு முன்னால் நின்றது. திரும்ப வந்தது, நின்றது. போனை என் முகத்தின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்கு ஓடினேன். அவள் போனில் என் முகம் வாயைப் பிளந்தபடி அசையாமல் இருந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேனேஜர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். ரேடியோ தட்டு நிற்கும் இரும்புக் கம்பத்தை ஜெனரேட்டர் ஷெட் சுவரோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். அதில் ஒரு பிடிப்பு தளர்ந்துபோயிருந்தது. அயர்ன் மேசைகளின் பாரம் ஏறி ஜெனரேட்டர் உறுமினால் கம்பம் நடுங்கும், தட்டு டவரை விட்டுப் பார்வை மாறும். பெட்டி உடனே காலை ஃபைபருக்குத் திருப்பும். அதற்குள் தட்டு நேராகிவிடும். அடடா, முதல் வழி சரியாகிவிட்டதே என்று பெட்டி காலைத் திரும்ப ரேடியோவுக்கே கொண்டுவரும். மறுபடி நடுங்கும். ஒவ்வொரு தடவை வழி மாறும்போதும் படம் அறுந்து நிற்கும். லேப்டாப்பில் அது அங்கும் இங்கும் ஓடியதை அவள் காட்டினாள். வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது.

"ரெண்டும் நல்ல வழிதான் அக்கா. ஏதாவது ஒண்ணுல நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. திரும்பி வர அவசரப்பட்டதுதான் தப்பு."

ஒரு தடவை மாறிவிட்டால், பழைய வழி நல்லபடியாக நெடுநேரம் இருந்து காட்டும் வரைக்கும் திரும்பக் கூடாது என்று விதியை மாற்றி எழுதினாள். கம்பத்தைப் பிறகு வேறு சுவருக்கு மாற்றச் சொன்னாள். நாளைக்கு ஜெனரேட்டரே வேண்டாம் கண்ணு என்று நான் கெஞ்சினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கப்படி போடுங்கள், போட்டும் நிற்காமல் வந்தால்தான் சரியானதாக அர்த்தம் என்றாள். ஜெனரேட்டரை ஓடவிட்டே இன்னும் இரண்டு தடவை என்னை நடக்க வைத்தாள். படம் நிற்கவில்லை. அதற்குள் அவள் போக வேண்டிய பஸ் போய்விட்டது. எங்கள் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேனிலேயே அவளையும் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் கால். ஜெனரேட்டர் உறுமியது. கட்டிங், தையல் எல்லாம் தாண்டி அயர்னிங்குக்குள் நுழைந்தபோது போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நொடி படம் சிணுங்கியது. என் உயிரே போய்விட்டு வந்தது. பிறகு நிலைத்து நின்றுவிட்டது. கதவைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. அந்தப் பக்கம் தென்னந்தோப்பும் வெயிலும்தான் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை. அம்மையார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி, அடுத்தது போகலாம் என்றார். சந்தேகப்பட்டதற்கு வருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த "அடுத்தது" போதுமாக இருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். சாமளாபுரத்தில் வேறொரு கம்பெனி மாடியில் நிற்பதாகவும், அப்புறம் பேசுவதாகவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளோடு பேச வாய்க்கவில்லை. முதலாளி மட்டும் ஒரு நாள் யூனிட்டுக்கு வந்தவர், அந்தக் கதவுப் பக்கம் போகாமலே என்னிடம் டீ குடிச்சீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது தையல் லைனில் ஒரு பெண் வந்து மெஷின் நூலை அறுக்கிறது என்பாள். மெக்கானிக் பார்த்துவிட்டு மெஷினில் ஒன்றும் இல்லை என்பார். முன்பானால் நான் மெக்கானிக் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நகர்ந்திருப்பேன். இப்போது அவள் எப்படி உட்கார்ந்து தைப்பாளோ அதே மாதிரி, அதே துணியோடு, அதே நேரத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறேன். எல்லாம் பச்சையாக இருந்த நாளில் ஒருத்தி என் சொல்லை நம்பி தான் போக வேண்டிய பஸ்ஸை விட்டாளே, அந்தக் கடனை எனக்கு வேறு எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை.