இன்னைக்கு உங்க புள்ளைக்குத்தான் டெஸ்ட்

வைட்ஃபீல்டில் குழந்தைப்பேறு சிகிச்சைக்காக நான் போய்வந்த மருத்துவமனையில் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுவோம். கார்மெண்ட்ஸ் கம்பெனி அடையாள அட்டையோடு வரும் அந்த உயரமான பெண் மட்டும் அறை முழுக்கக் கேட்கும்படி பேசுவார். நகரின் மறுகோடியில் இருக்கும் ஸ்ரீராம்புரத்துக்காரர்.

ஒருநாள் முதல்முறையாக அவருடைய கணவரும் கூட வந்திருந்தார். அப்போது அந்தப் பெண்ணின் மாமியார் போனில் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிலதான் இருக்கேன் அத்தே. எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒரு கொறையும் இல்ல. இன்னைக்கு உங்க புள்ளைக்குத்தான் டெஸ்ட்டு."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். போனில் மாமியார் கத்துவது எனக்கே கேட்டது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க அக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

"பாக்கட்டும்மா. தெருவுல நின்னு என்னை மலடின்னு சொன்னப்ப யாரு மெதுவாச் சொன்னாங்க?"

கணவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"அம்மா, அவளைத் திட்டாத. டெஸ்ட் எனக்குத்தான். நானாத்தான் வந்தேன்" என்றார். நர்ஸ் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார்.

"தானா வந்தாராம்!" என்று அந்தப் பெண் சிரித்தார். "அவரு டெஸ்ட் எடுக்கற வரைக்கும் எனக்கு இன்னொரு ஊசி வேணாம்னு அடம் பிடிச்சேன். ஒத்துக்க ஒரு வருஷம் ஆச்சு."

அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று தெரியாது. ஆனால் அந்த ஒரு வருஷத்தை அந்தப் பெண் எப்படித் தாங்கினார் என்று இன்றும் யோசிக்கிறேன்.