பெட்டிக்குள் கவிழ்ந்திருந்த படம்

அந்தப் படத்தை எங்கே வைத்தால் என் மகளின் காலம்வரை நிலைக்கும்? இன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பழவேற்காட்டில் என் மாமியாரின் இரும்புப் பெட்டியில் இருந்தது அது. அவருடைய கொள்ளுத்தாத்தா வியாபாரத்துக்குச் சென்னை போனபோது ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டதாம். தொழுகிற வீட்டில் உருவப்படம் மாட்ட மாட்டார்கள். அதனால் மல் துணியில் சுற்றி, கல்யாணப் புடவைக்கடியில் கவிழ்த்து வைத்திருந்தார். நோன்புப் பெருநாளுக்குப் போயிருந்தபோது, பேத்தியின் நெற்றி அந்தக் கொள்ளுத்தாத்தாவின் நெற்றிதான் என்று காட்ட வெளியே எடுத்தார்.

"லேமினேஷன் போட்டுனு வந்துர்றேம்மா. பாப்பா இழுத்தாலும் கிழியாது" என்றார் என் கணவர்.

"ரேஷன் கார்டாடா இது? மனுசனுக்கு மூச்சு முட்டிக்கும்" என்ற மாமியார் என்னிடம் திரும்பினார். "நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே? இன்னா படம்னு பார்த்து நீயே முடிவு பண்ணும்மா."

போனில் தேடித் தேடிப் படித்தேன். பிறகு, கணவர் பையில் கிடந்த, கம்பெனியில் பொருள்களைச் சோதிக்கும் லென்ஸோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புள்ளிகள் இல்லை, அச்சகத்தில் அடித்ததல்ல. பிற்காலப் படங்களைச் சாய்த்தால் இருட்டான இடங்களில் தெரியுமாமே, அந்த வெள்ளிப் பளபளப்பும் இல்லை. தாளின் நார்கள்கூடத் தெரிந்தன. மெல்லிய தாள், கெட்டி அட்டையில் ஒட்டியது.

"முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளா இருக்கலாம் மாமி. இருக்கலாம்தான். லேமினேஷன் சூடு ஆகாது."

"முட்டையா! அதான் மனுசன் இன்னிக்கும் தெம்பா கீறாரு!"

உண்மைதான். வெளிச்சம் பட்டால் இவ்வகைப் படம் மஞ்சளித்து மங்கிவிடும். இதிலோ தாடியின் ஒவ்வொரு இழையும் தெளிவு. சட்டைப் பொத்தானில் ஸ்டுடியோ ஜன்னலின் ஒளித்துளி. தலைமுறை தலைமுறையாகத் தொழுகைக்காக மறைத்தார்கள். அந்த இருட்டே படத்தைக் காத்திருக்கிறது. நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

கணவர் போனில் ஒரு நகல் எடுத்து அதை லேமினேஷன் போட்டார். மகள் அதன் மூலையைக் கடித்தாயிற்று.

அசலை மாமியார் என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டு பீரோவில், அதே துணிக்குள். அங்கே உப்புக்காற்று, இங்கே ஆலைத்தூசி, மழையில் ஓதமேறும் சுவர். போன் செய்யும்போதெல்லாம் "பத்திரமா கீறாரா?" என்கிறார். "கீறாரு மாமி" என்று சொல்லிவிட்டு, பீரோவைத் திறந்து பார்க்கிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இங்கேயே வைக்கட்டுமா, அந்தப் பெட்டிக்கே அனுப்பிவிடட்டுமா? பக்கத்தில் அந்துருண்டை போடலாமா?