சாப்பாட்டு மேஜையில் ஏறிய மலை

எங்கள் குடும்பம் மொத்தமாக ஒரு ஸ்காட்லாந்து மலையிலிருந்து விழுந்தது. விழுந்த இடம் நியூஜெர்சி, பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மெண்டின் சாப்பாட்டு மேஜை. எனக்கு அப்போது பதினோரு வயது. கையில் சாம்பார் சாதம் இருந்தது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கிளாஸ்கோவில் டாக்டர். கோடை விடுமுறைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் அமெரிக்கா வந்ததிலிருந்து அம்மா அவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்ப்பது என்பதே அம்மாவின் முழுத் திட்டம். அப்பாவுக்கு அது ஒரு திட்டமாகவே படவில்லை. அவ்வளவு தூரம் போய் மனிதர்களை மட்டுமா பார்த்துவிட்டு வருவது? மாமாவும் போனில் வாய்தவறி, பக்கத்தில் இரண்டு மலைகள் இருக்கின்றன, செங்குத்துதான், ஆனால் ஒரே பகலில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் வரைபடம் தபாலில் வந்து சேர்ந்தது.

மலைகளின் பெயர்களில் எழுத்துகள் ஏராளமாக இருந்தன. பாதி எழுத்துகளுக்குச் சத்தமே கிடையாது என்றார் மாமா. எனவே அப்பா உயரமான மலைக்குப் பெரியவர் என்றும் மற்றதற்குச் சின்னவர் என்றும் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு அவை எங்கள் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.

சரிவு கடுமையாக உள்ள இடத்தில் வரைபடத்தின் உயரக் கோடுகள் நெருங்கி வரும். பெரியவரின் ஒரு பக்கம் இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல் இருந்தது. அப்பா பாதையின்மேல் தையல் நூலைப் படுக்கவைத்து நீளம் பார்த்தார். தூரத்துக்கு இவ்வளவு நேரம், ஏற்றத்துக்கு அதற்குமேல் இவ்வளவு நேரம் என்று மலை ஏறுபவர்கள் போடும் கணக்கு ஒன்றை மாமா சொல்லியிருந்தார். அப்பா அதோடு புளியோதரைக்கு ஒரு அரை மணியையும், ஆறு வயதுத் தங்கை தரையில் உட்கார்ந்து எழ மறுப்பதற்கு ஒரு மணியையும் சேர்த்துக்கொண்டார். எனக்கென்று எதுவும் ஒதுக்கவில்லை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்று அப்பா குழம்பிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத அம்மா, இறங்கும்போதுதான் முட்டி போகும், செங்குத்தா இருக்கறதை முதல்லயே ஏறித் தொலைச்சிரலாம் என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். இடியாப்பப் பக்கமே ஏறுவது என்று முடிவாயிற்று. கூடவே அவள் ஒரு நியாயமான கேள்வியும் கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு மலை பத்தாதுங்களா?"

இரண்டுக்கும் நடுவே தாழ்வான ஒரு முதுகு இருக்கிறது, பெரியவரிடமிருந்து அங்கே இறங்கினால் சின்னவர் கூப்பிடு தூரம்தான் என்று அப்பா விளக்கினார். "அவ்வளவு தூரம் வந்துட்டு அவரை எட்டிப்பார்க்காம போனா நல்லாவா இருக்கும்?"

பயிற்சியும் நடந்தது. அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு அபார்ட்மெண்ட் படிக்கட்டில் ஏறி இறங்கினோம். நான் பள்ளியில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அம்மா சாயங்காலங்களில் தானாகவே நடக்கப் போனாள். தம்பிக்குப் பிடிக்கும் என்று பருப்புப்பொடி அரைத்து வைத்தாள்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மாடி வீட்டு அங்கிளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மெட்ராஸ்காரர். தன் பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்பது தெரியாது, ஆனால் ஊரில் யார் யார் விசா எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியும். அப்பா தட்டுகளை நகர்த்தி வரைபடத்தை விரித்து, நூல் சகிதம் முழு மலையையும் ஏற்றி இறக்கிக் காட்டினார். அங்கிள் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"சூப்பர் சார். ஸ்டாம்பிங் எங்க பண்றீங்க?"

அப்பாவுக்குப் புரியவில்லை. எங்கள் விசா நீட்டிப்பு வந்துவிட்டதே, அன்றைக்குக் கேசரிகூடக் கிளறினோமே என்றார். அங்கிள் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தத் தாள் அமெரிக்காவுக்குள் இருப்பதற்கு மட்டும்தான். வெளியே போனால், திரும்பி வருவதற்குப் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வேண்டும். அதை வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில்தான் குத்துவார்கள். ஒரு வாரத்திலும் குத்தலாம், நான்கு மாதத்திலும் குத்தலாம், குத்தாமலும் அனுப்பலாம். அதுவரை ஆபீஸ் காத்திருக்காது. வேலை போனால், அதை நம்பி விண்ணப்பித்திருக்கும் க்ரீன் கார்டும் போயிற்று.

பெரியவர் மேல் ஏறும் வழி, சின்னவரிடமிருந்து இறங்கும் வழி, மழை வந்தால் பாதியில் திரும்பும் வழி எல்லாம் அப்பாவிடம் இருந்தன. பார்சிப்பனிக்குத் திரும்பும் வழிதான் இல்லை. அப்பாவின் அப்படி ஒரு முகத்தை அன்றுதான் பார்த்தேன். பிரிட்டிஷ் விசாவைக்கூட வாங்கிவிட்ட மனிதர், யாரோ தன்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் நல்லவர். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்திருக்க வேண்டும்.

"பாப்பா மட்டும் போய்ட்டு வரலாம் சார். அவ சிட்டிசன். இங்கதானே பொறந்தா."

எல்லோரும் தங்கையைப் பார்த்தோம். மூக்கைத் தானாகச் சிந்தத் தெரியாதவள், சாம்பாரிலிருந்து முருங்கைக்காயைப் பொறுக்கிப் பொறுக்கி என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நால்வரில் இரண்டு சிகரங்களை ஏறித் திரும்பும் தகுதி உள்ள ஒரே ஆள் அவள்தான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. ஈரோட்டில் பிறந்தது என் தப்பா?

"டூ ஐ ஹாவ் டு?" என்றாள் அவள்.

அம்மா மலையைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்து, மிக மெதுவாக, வேறு எதையோ கேட்டாள்.

"அப்ப ஊர்ல எங்கப்பாவுக்கு ஒண்ணுன்னாலும் இப்படித்தானுங்களா?"

அப்பா அங்கிளைப் பார்த்தார். அங்கிள் ரசத்தைப் பார்த்தார். பெரியவர்களுக்கு இத்தனை சின்ன விஷயம்கூடப் புரியாமல் போகிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான்தான் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"தாத்தா மலை ஏற வரலையேம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்லடா கண்ணு, வரலை" என்றாள்.

ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்த்துவைத்த திருப்தியில் நான் இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டேன்.