ஏழு முறை கழுவிய கை

நேற்று ஒரு அம்மையார் போன் செய்தார். கனடாவுக்குக் குடிபோகிறார்களாம். சோபா கண்டெய்னரில் ஏறிவிட்டது, அலமாரியும் ஏறிவிட்டது. பன்னிரண்டு வயது நாய்க்கு மட்டும் இடமில்லை. "வயசாயிடுச்சு, யாராவது வச்சுப்பாங்களா?" என்று கேட்டார், பழைய பிரிட்ஜைத் தள்ளிவிடுகிறவர் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துபாயில் ஒரு விலங்கு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். இந்தக் கேள்வியை எத்தனை குரல்களில் கேட்டிருக்கிறேன்! போனை வைத்ததும் துபாயின் சத்வா பகுதியில் ஒரு தையல் கடையின் பின்பக்கக் குழாயடியில் இருந்த ஐஸ்கிரீம் டப்பா நினைவுக்கு வந்தது. அதில் மண் இருக்கும்.

அது பாயின் கடை. கீழக்கரைப் பக்கத்துக்காரர். எங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பார். ஒருநாள் அவர் துணிகளோடு வந்து நின்றிருந்தபோதுதான், மன்னார்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் தன் வயதான நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை போய்விட்டது, வீட்டைக் காலி செய்தாயிற்று, சிநேகிதர்கள் ரூமில் ஒண்டியிருக்கிறார், அங்கே நாய் கூடாது. "வலிக்காம ஒரு ஊசி போட்டுருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். நான் பொரிந்து தள்ளினேன். வக்கில்லாதவர்கள் ஏன் வளர்க்கிறீர்கள் என்றுகூடக் கேட்டேன். நோயில்லாத நாய்க்கு ஊசி கிடையாது என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

நாங்கள் யாரும் கேட்காததைப் பாய்தான் கேட்டார். "எத்தன நாளைக்குத் தம்பி வேணும்?"

வேறொரு கம்பெனியில் விசா போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு மாதம் ஆகும் என்றார் அவர். இரண்டே மாதம்! அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, திட்ட மட்டும் வந்தது.

நாயைப் பாய் கடையின் பின்கட்டில் வைத்துக்கொண்டார். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் என்பது அவர்கள் வழக்கம். கண் மங்கிய அந்த நாயோ கையிலிருந்து ஊட்டினால்தான் சாப்பிடும். ஊட்டுவார், பிறகு தொழுகைக்கு முன் குழாயடியில் உட்கார்ந்து கழுவுவார். விரல்களெல்லாம் வெடித்துப்போயின. பக்கத்துக் கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? "பாய் கடையில தைக்கிறத விடக் கழுவுறதுதான் ஜாஸ்தி" என்றார்கள்.

"கழுவத்தான் சொல்லியிருக்கு. ரோட்டுல விடச் சொல்லலையே" என்றார் பாய்.

இரண்டு மாதம் ஐந்தானது. ஒருவழியாக வேலை கிடைத்து, மன்னார்குடிக்காரரும் பாயும் நாயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். புது முகவரியைப் பதிய வேண்டும். கோப்பை எடுத்து அவர் முன்னால் திருப்பி வைத்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்து: 'உரிமையாளரால் கைவிடப்பட்டது.' அன்றைக்கு ஆத்திரத்தில் நான் எழுதிய வரி. எழுதியதே மறந்துபோயிருந்தது.

அவர் அதைப் படித்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழம தவறாம பஸ் ஏறி வந்து பாத்தேனே மேடம்" என்றார். நாய் அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. பாய் அந்த வரியின்மேல் ஒரு விரலை வைத்து, மேசையிலிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.