புத்தகத்துக்கு ஒரு பனியன்!

இன்று லைப்ரரியில் என் மானம் தரையைத் தொட்டது. நிஜமாகவே தரையை!

எங்கள் ஏரியா லைப்ரரியில் இந்த வாரத்திலிருந்து புத்தகம் போட்டுக்கொண்டு போக பிளாஸ்டிக் கவர் கிடையாது.

"துணிப்பைக்குச் சொல்லியிருக்கேன்க்கா, வர நாளாகும் போல" என்று லைப்ரரி மேடம் கவலைப்பட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க மேடம், பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவ நானிருக்கறப்ப பை எதுக்குங்க வாங்கோணும்? கட்டிங் வேஸ்ட்டுல நானே தெச்சுத் தாரனுங்க!"

குப்பைக்குப் போகிற துணியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, ஒரு மூட்டை நிறையப் பைகள் தைத்தேன்.

முதல் பையை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, திருநீற்றுப் பொட்டலம் போட்டுத் தூக்கிப் பார்த்தேன். ஜம்மென்று இருந்தது! (பொட்டலம் என்ன கனம் கனக்கப் போகுதுங்க!)

அந்த முதல் பையை இன்று வாங்கியவள் பக்கத்து வீட்டுச் செல்வி. திருநெல்வேலிப் பக்கம், வாய் என்னைவிட நீளம். நான்கு புத்தகத்தைப் போட்டுத் தோளில் மாட்டினாள்.

இடுப்பில் இருந்த பை முழங்காலுக்கு வந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் தரைக்கு!

"யக்கா! பை ரோட்டைப் பெருக்கிட்டு வருது பாருங்க! பனியன் ஊர்ல பொறந்துட்டு, பனியன் துணி இழுக்கும்னு தெரியாதாக்கா?"

லைப்ரரியே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மானம் போனால் போகட்டும், இத்தனை துணியும் மறுபடி குப்பைக்குத்தானே போகும்? (முருகா, இதுக்கா என்னையத் தெக்க வெச்சே!)

செல்வி விடவில்லை.

"பைக்கு ஆவாது. உங்க சாமி புத்தகத்துக்குச் சட்டையா மாட்டி விடுங்க!"

சொன்னதோடு நிற்காமல், நான் எடுத்து வைத்திருந்த தடிமனான புராணப் புத்தகத்தை இன்னொரு பைக்குள் திணித்தாள்.

கச்சிதம்! அளவெடுத்துத் தைத்தது போலப் பிடித்துக்கொண்டது.

மேடம் எழுந்தே வந்துவிட்டார்.

"அக்கா, கழட்டாதீங்க! அட்டை கிழியக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுட்டிருந்தோம். இதுன்னா அழுக்கானா துவைச்சுக்கலாமே!"

இனி வீட்டுக்குப் போகும் புத்தகமெல்லாம் பனியன் போட்டுக்கொண்டுதான் போகும்! சின்னப் புத்தகத்துக்குப் பையின் நடுவில் ஒரு தையல் போட்டால் போதும். ஒரு துண்டுகூட வீணில்லை. முருகனுக்குக் கோடி நமஸ்காரம்! (செல்விக்கு ஒரு காபி.)

சரி, தூக்கிப் போக இழுக்காத துணியில் பை வேண்டுமே? யாரிடமாவது பழைய வேட்டி இருந்தால் கொடுங்கள், தைத்துத் தருகிறேன்.

எங்க ஊட்டுக்காரர் இதைக் கேட்டதும் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாருங்க!